சீட்டுக்காசில் ஒரு வயலின்

வீணையா வயலினா என்று கேட்டு வரும் பெற்றோரிடம் நான் திருப்பிக் கேட்பது, "வகுப்புக்கு எதில் போவீர்கள்?" என்பதுதான். இசைக்கும் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்பதுபோலப் பார்ப்பார்கள். மண்டூரில் இருக்கும் பிள்ளை படகுப்பாதையில் குருமண்வெளிக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துக் கல்லடி வரைக்கும் போகவேண்டும் என்றால், நாலடி நீள வீணை எவ்வளவு ஆசையாக வாங்கியதானாலும் இரண்டாம் மாதமே வீட்டு மூலைக்குப் போய்விடும். வகுப்பு அடுத்த ஒழுங்கையில் என்றால் வீணை நல்லது. ரீச்சர் வீட்டில் வீணை இருந்து, வீட்டுப் பயிற்சிக்கு மட்டும் ஒன்று தேவை என்றாலும் சரி. வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு மட்டக்களப்பு வாவியைக் கடக்கவேண்டிய பிள்ளைக்கு வயலின்தான்.

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. படிப்பிக்க ஆள் யார் என்று தெரியாமல் வாத்தியம் வாங்கக்கூடாது. படுவான்கரையில் உங்கள் ஊருக்கு வந்துபோகும் சங்கீத ரீச்சர் வாய்ப்பாட்டுக்காரராக இருந்தால், பிள்ளை ஒரு வருடம் வாய்ப்பாட்டே படிக்கட்டும். சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் தொண்டையில் நின்றால் பிறகு தந்தியில் வருவது சுலபம். அந்த ஒரு வருடத்தில் காசும் சேரும்.

விபுலாநந்த அடிகள் 1892 இல் காரைதீவில் பிறந்தவர். மறைந்துபோன யாழ்களின் சுருதிக் கணக்கையெல்லாம் ஆராய்ந்து 1947 இல் யாழ்நூலைத் தந்தவர். அவர் பிறந்த மண்ணில் நரம்பு வாத்தியம் ஒன்றைத் தேடுவது இன்றைக்கும் லேசான வேலையில்லை. நமது வடமோடிக் கூத்தும் தென்மோடிக் கூத்தும் மத்தளத்திலும் சல்லரியிலும் நிற்பவை. மத்தளத்துக்குத் தோல் கட்டுகிறவர் யார் என்று கேட்டால் எந்தக் கூத்தூரிலும் கை காட்டுவார்கள். வயலினில் தந்திகளைத் தாங்கும் குதிரையைச் செதுக்குகிறவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். அதனால்தான் நான் சொல்லும் ஆலோசனை கொழும்புக்காரருக்குச் சொல்வதிலிருந்து கொஞ்சம் மாறும். இங்கே வாத்தியத்தின் விலையைவிட, அது பழுதானால் யாரிடம் கொண்டுபோவது என்பதே பெரிய கேள்வி.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். முதல் சில மாதங்களுக்கு இரவல் அல்லது வாடகை. அதன்பிறகு, ஒருவர் வாசித்துப் பழகிய பழைய வயலின். எப்படி வாங்கினாலும் கையிலுள்ள காசு முழுவதையும் வாத்தியத்தில் போட்டுவிடாதீர்கள். சீட்டு விழுந்த காசை ஐந்து பங்காக்குங்கள். மூன்று பங்கு வயலினுக்கும் பெட்டிக்கும். ஒரு பங்கு தந்தி, குதிரை, வில் ஆகியவற்றைச் சீராக்க. மீதி ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள், அது முதல் வருடத்திலேயே தேவைப்படும். பளபளப்பான புதிய வயலினில் ஐந்து பங்கையும் போட்டுவிட்டு, முதல் தந்தி அறுந்ததும் இரண்டு மாதம் வகுப்புக்கு வராமல் இருந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

வாடகை என்றதும், "இங்கே யார் சேர் வாடகைக்குத் தாறது?" என்பார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் மாத வாடகைக்கு வயலின் தரும் கடைகள் இருக்கின்றன, பிறகு அதையே வாங்கினால் கட்டிய வாடகையில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளும் ஏற்பாடும் அங்கே வழமை. நமக்கு அப்படிப் பலகை போட்ட கடை வேண்டியதில்லை. ரீச்சரின் இரண்டாவது வயலின், பாடசாலை இசையறையில் பூட்டிக் கிடக்கும் ஒன்று, பரீட்சை எழுதி முடித்துப் பல்கலைக்கழகம் போன அக்காவின் கட்டிலுக்கடியில் கிடக்கும் ஒன்று என்று இவற்றைத் தேடிப் பிடிப்பதுதான் நமது வாடகைச் சந்தை. கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருப்பது நமக்குப் பெரிய வசதி. அங்கே படித்து முடித்து, ஊருக்கோ வேலைக்கோ போகும் மாணவர்களில் பழைய வாத்தியத்தை விற்கவோ மாதக்கணக்குக்குக் கொடுக்கவோ விரும்புகிறவர் இருக்கக்கூடும். படிக்கும் பிள்ளை ஒன்றைத் தெரிந்தவர் மூலம் பிடித்து விசாரியுங்கள். கடை விளம்பரத்தைவிட இந்த வழி நம்பகமானது. வாத்தியத்தை வாசித்த ஆளே முன்னால் நின்று அதன் குறைநிறையைச் சொல்வார்.

தெரிந்தவரிடம் வாங்கும்போதுதான் கடுதாசி எழுதவேண்டும். "எங்கட ஆக்கள்தானே" என்று விட்டுவிடுவதால் எங்கட ஆக்களுடனேயே மனத்தாங்கல் வருகிறது. ஒரு கொப்பித் தாள் போதும். என்ன வாத்தியம், எத்தனையாம் அளவு, பெட்டியில் என்னென்ன இருந்தன, மாதம் எவ்வளவு, முற்பணம் எவ்வளவு, எப்போது திருப்பிக் கொடுப்பது என்று எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். தந்தி அறுந்தால் எடுத்தவர் மாற்றுவார், மரம் பிளந்தாலோ கழுத்து உடைந்தாலோ முற்பணத்திலிருந்து கழியும், வெயில் காலத்தில் ஒட்டுத் தானாக விட்டால் சொந்தக்காரர் பார்ப்பார் என்ற மூன்று வரியையும் சேர்க்க வேண்டும். வாத்தியத்தின் முன்பக்கம், பின்பக்கம், கழுத்து, வில்லின் நுனி ஆகியவற்றை இருவர் போனிலும் படம் எடுத்துவிடுங்கள். பாடசாலை வாத்தியம் என்றால் அதிபரின் அனுமதி எழுத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் கணக்கெடுப்பு நாளில் ரீச்சர்தான் பதில் சொல்லவேண்டி வரும்.

வாடகை எவ்வளவு நியாயம் என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது: ஒரு வருட வாடகை, அந்த வாத்தியத்தைப் பழசாக வாங்கினால் ஆகும் விலையில் பாதியைத் தாண்டக்கூடாது. பழைய விலை 24,000 ரூபா என்று வைத்துக்கொண்டால் (கணக்குக்காகச் சொல்லும் எண், சந்தை விலையென்று எடுத்துக்கொள்ள வேண்டாம்) மாதம் 1,000 ரூபாவுக்கு மேல் கொடுக்காதீர்கள். அதற்கு மேல் கேட்டால் வாங்கிவிடுவதே மேல்.

ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் வாடகையை விட்டுக்கொடுக்கவே கூடாது. பிள்ளை சின்னப்பிள்ளையாக இருக்கும்போதுதான் அது. முழு அளவு வயலினின் உடல் நீளம் 14 அங்குலம். முக்கால் அளவு 13 அங்குலத்துக்குச் சற்று மேல், அரை அளவு 12 அங்குலத்துக்குச் சற்று மேல். ஏழெட்டு வயதில் அரை அளவு வாங்கினால் இரண்டு வருடத்தில் கை நீண்டுவிடும். பிறகு அந்தச் சின்ன வயலினை விற்க இன்னொரு சின்னப்பிள்ளையைத் தேடவேண்டும். ஒரே ரீச்சரிடம் படிக்கும் மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஆளுக்கொரு அளவு வாங்கிச் சுற்றில் மாற்றிக்கொள்ளலாம், சீட்டுக் கட்டும் ஊரில் இது சொல்லிக் கொடுக்கவேண்டிய வித்தையல்ல. கர்நாடக முறையில் சப்பாணி கட்டி இருந்து, வயலினின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி வாசிப்பதால், வாத்தியத்தின் பாரம் தோளில் நிற்பதில்லை. ஆகையால் பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைக்குக் கை எட்டுமானால் முழு அளவுக்கே போய்விடலாம். முதல் விரலும் நாலாம் விரலும் நோகாமல் தந்தியில் விழுகிறதா என்பதை ரீச்சர் முன்னால் பார்த்துத் தீர்மானியுங்கள்.

இனிப் பழைய வயலின் வாங்கும் விஷயம். இதில்தான் காசு போவதும் மிஞ்சுவதும்.

விற்கிறவர் உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டைக் காட்டுவார். "அந்தோனியஸ் ஸ்ட்ராடிவேரியஸ், கிரெமோனா" என்றிருக்கும். ஸ்ட்ராடிவேரி 1737 இல் இறந்துபோனவர். அவருடைய மாதிரியைப் பின்பற்றிச் செய்தது என்பதற்காக ஜெர்மனியிலும் பிற இடங்களிலும் தொழிற்சாலைக்காரர் லட்சக்கணக்கில் இந்தச் சீட்டை ஒட்டினார்கள். அதைப் பார்த்து விலை கூட்டவும் வேண்டாம், ஏமாற்று என்று எழும்பிப் போகவும் வேண்டாம். சீட்டை மறந்துவிட்டு மரத்தைப் பாருங்கள்.

வயலினை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணால் விரல்பலகை வழியே குதிரை வரைக்கும் பாருங்கள். விரல்பலகை நேராகக் குதிரையின் நடுவைப் பார்க்கவேண்டும். ஒரு பக்கம் திரும்பியிருந்தால் கழுத்து ஆடியிருக்கிறது. கழுத்தும் உடலும் சேரும் அடிப்பகுதியில் நகம் நுழையும் இடைவெளி இருந்தால் அதை வைத்துவிட்டு வாருங்கள், விலை எவ்வளவு குறைவானாலும் சரி. கழுத்து வேலை செய்யத் தெரிந்த ஆளுக்குக் கொழும்புக்கோ சென்னைக்கோ அனுப்பவேண்டும். அந்தச் செலவில் இன்னொரு வயலின் வாங்கலாம்.

அடுத்தது விரல் மொழியால் ஓரம் முழுக்கத் தட்டிக்கொண்டு வருவது. எல்லா இடத்திலும் ஒரே சத்தம் கேட்கவேண்டும். ஓரிடத்தில் கரகரத்தால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது. இதற்குப் பயப்பட வேண்டாம், பேரம் பேசுங்கள். வயலினின் மூடியைப் பழைய முறையில் வச்சிரம் காய்ச்சித்தான் ஒட்டுவார்கள். வெயிலில் விட்டாலும் திரும்ப ஒட்டக்கூடியதாக, வேண்டுமென்றே மென்மையாக ஒட்டுவது அது. ஒட்டு விடாவிட்டால் மரம் பிளக்கும். முன்பலகையில் நேர்கோட்டுப் பிளவு இருந்தால், குதிரைக் காலுக்குக் கீழே போகாத சின்னப் பிளவு என்றால் பார்க்கலாம். பின்பலகையில், உள்ளே நிற்கும் தூணுக்கு நேரே பிளவு இருந்தால் வேண்டவே வேண்டாம்.

அந்தத் தூணைப் பார்த்திருக்கிறீர்களா? மெல்லிய தந்திப் பக்கத்துத் துளை வழியே உள்ளே பாருங்கள். குதிரையின் அந்தப் பக்கக் காலுக்குச் சற்றுப் பின்னால் ஒரு சின்ன மரக்குச்சி நிமிர்ந்து நிற்கும். முன்பலகையின் அதிர்வைப் பின்பலகைக்குக் கடத்துவது அதுதான், முன்பலகை அமிழ்ந்துபோகாமல் தாங்குவதும் அதுவே. பசை இல்லாமல் இறுக்கத்தில் மட்டும் நிற்பது. உள்ளே உருண்டு கிடந்தால் விலையைக் குறைக்கலாம். ஆனால் அதை நிறுத்தும்வரை தந்தியை முறுக்கவே கூடாது. தூண் இல்லாமல் முழுச் சுருதியில் வைத்தால் பலகை குழிந்துவிடும்.

அதே துளையால் உள்ளே ரோர்ச் அடித்துப் பாருங்கள். கிண்ணம் வைத்ததுபோல வட்டமாகவோ அலையாகவோ நீர்க்கறை இருந்தால் அந்த வாத்தியம் ஒரு மாரியில் வெள்ளத்தில் நின்றிருக்கிறது. நமது பகுதியில் இதைக் கட்டாயம் கேட்கவேண்டும். மாவு மாதிரி மரத்தூள் கொட்டினால் உளுத்துப்போன மரம். அது உங்கள் வீட்டு அலுமாரிக்கும் வரும், விட்டுவிடுங்கள்.

ஈரத் துணியால் விரல்பலகையை ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் கருங்காலி இல்லை, கறுப்புச் சாயம் பூசிய வேறு மரம். மலிவு வயலின்கள் பலதும் அப்படித்தான், அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் கருங்காலி விலை கொடுக்காதீர்கள்.

தந்தியின் உயரம் புதிய பிள்ளைக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். விரல்பலகை முடியும் இடத்தில், பலகைக்கும் முதல் தந்திக்கும் இடையே மூன்றிலிருந்து மூன்றரை மில்லிமீற்றர், நாலாம் தந்திக்கு ஐந்து மில்லிமீற்றர் அளவில் இருக்கவேண்டும். இதைவிட அதிக உயரத்தில் முதல் தந்தி நின்றால், பிள்ளை அமுக்கியே களைத்துவிடும். கமகம் பிடிக்கப் பலம் இராது. "இவளுக்குச் சங்கீதம் வராது" என்று சொல்லிவிட்ட பிள்ளைகளில் எத்தனை பேருக்கு உண்மையில் குதிரைதான் உயரம் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. புதிய மலிவு வயலின்களில் குதிரை முக்கால்வாசி செதுக்கிய நிலையில்தான் வருகிறது. வாங்கியவுடன் அதை ஒழுங்காகச் செதுக்குவதற்கும் நல்ல தந்தி போடுவதற்கும் ஒரு பங்கு காசை ஒதுக்கச் சொன்னது இதற்காகத்தான். சுமாரான வயலின், நல்ல குதிரை, நல்ல தந்தி என்ற கூட்டு, நல்ல வயலின், மொத்தக் குதிரை, துருப்பிடித்த தந்தி என்ற கூட்டைத் தோற்கடித்துவிடும்.

தந்தியை முறுக்கும் பிருடைகள் நாலையும் திருகிப் பாருங்கள். வழுக்காமலும் இறுகாமலும் சுற்ற வேண்டும். கர்நாடக வயலினுக்கு நாலு தந்தியிலும் நுண்சுருதித் திருகு வைத்த வால்துண்டு ஒன்று போடுவது நான் வற்புறுத்தும் சின்னச் செலவு. மாரியில் பிருடை இறுகிப்போய் நிற்கும் காலையில் அதன் அருமை தெரியும். தோளில் வைக்கும் தாங்கியைக் கடைக்காரர் சேர்த்துத் தள்ளப் பார்ப்பார். இருந்து வாசிக்கும் பிள்ளைக்கு அது எதற்கு? அந்தக் காசுக்கு நல்ல ரோசின் வாங்குங்கள்.

வில்லை மறந்து வாங்குகிறவர்கள் அதிகம். வில்லின் தண்டு நடுவில் மயிர்ப்பக்கமாக வளைந்திருக்க வேண்டும். முறுக்கியதும் நேராகியோ வெளிப்பக்கம் வளைந்தோ போனால் தண்டு சோர்ந்துவிட்டது. நுனியில் வெடிப்பு இருக்கக்கூடாது. மலிவு வில்லுக்கு மயிர் மாற்றப் புதிய வில்லின் விலை ஆகிவிடும், ஆகவே மயிர் உதிர்ந்த வில்லை விலையில் கழித்துவிடுங்கள். ஈரம் கூடிய நமது காற்றுக்கு நார்க்கண்ணாடி வில் மோசமில்லை. அழகு குறைவு, ஆனால் வளையாது.

தந்தி வாங்கப் போகுமுன் எத்தனை கட்டைச் சுருதி என்று ரீச்சரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வயலினை மேற்கத்தையர் சுருதி கூட்டுவது ஒரு விதம், நாம் பஞ்சமம், சட்ஜம், மந்தர பஞ்சமம், மந்தர சட்ஜம் என்று கூட்டுவது வேறு விதம். ஐந்து கட்டையில் பாடும் பெண்பிள்ளைகளோடு வாசிக்கும் வயலினில் தந்தி விறைப்பாக நிற்கும். இரண்டு கட்டைக்கு இறக்கினால் அதே தந்தி தொய்ந்துபோய்க் கரகரக்கும். தொடக்கக்காரருக்கு உருக்கு உள்ளீடு கொண்ட தந்தியே போதும். பிரெலூட் மாதிரியான மாணவர் தந்திகள் உப்புக்காற்றையும் ஈரத்தையும் ஓரளவு தாங்கும், சுருதியும் சீக்கிரம் நிற்கும். டொமினண்ட் தந்தி அருமையானது, ஆனால் அது பிறகு. முதல் தந்தி மட்டும் ஒன்று மேலதிகமாக வாங்கிப் பெட்டிக்குள் வையுங்கள். அறுவது பெரும்பாலும் அதுதான்.

சுருதிப்பெட்டி வாங்கவேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். தம்பூராச் சுருதியும் சுருதி பார்க்கும் மானியும் இலவசமாகவே போனில் கிடைக்கின்றன. அந்தக் காசும் தந்திக்குப் போகட்டும்.

வெளிநாட்டு மாமா பற்றியும் சொல்லவேண்டும். சுவிஸிலிருந்தோ கனடாவிலிருந்தோ வரும் உறவினர் வயலின் கொண்டுவருகிறேன் என்றால் மறுக்காதீர்கள், ஆனால் அளவைச் சொல்லி அனுப்புங்கள். அங்கே பழைய பொருள் விற்கும் கடைகளில் நல்ல மாணவர் வயலின்கள் மலிவாக அகப்படும். அளவு சொல்லாவிட்டால் "சின்னப்பிள்ளைதானே" என்று கால் அளவைக் கொண்டுவந்து சேர்ப்பார். விமானத்தில் வரும்போது தந்திகளைச் சற்றுத் தளர்த்தச் சொல்லுங்கள். முழுவதும் கழற்றக்கூடாது, கழற்றினால் உள்தூண் விழுந்துவிடும். இன்னொன்று, 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரைக்கும் ஏறியதன் பிறகு பழைய வாத்திய விலைகளும் மேலே போய்விட்டன. "என்ட வயலின் பன்னிரண்டாயிரத்துக்கு வாங்கினது" என்று யாராவது சொன்னால் எந்த வருடம் என்று கேளுங்கள். கொழும்பில் இரண்டு மூன்று கடைக்கு அழைத்து அன்றைய புதிய விலையைக் கேட்டுவிட்டுத்தான் பழசுக்குப் பேரம் பேசவேண்டும்.

பழுது பார்க்க யாரைப் பிடிப்பது? இங்கே ஒரு சுவையான விஷயம் உண்டு. கர்நாடக சங்கீதத்துக்கு வயலினைக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி என்று பாலுஸ்வாமி தீட்சிதரைச் சொல்வார்கள். மட்டக்களப்புக்கு வயலின் வந்தது அவர் வழியாக மட்டுமல்ல. நமது பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களில் கபரிஞ்ஞா ஆட்டத்துக்கு வயலின் வாசித்தார்கள். தச்சுவேலையும் இரும்புவேலையும் அவர்களுக்குப் பரம்பரைத் தொழில். வாத்தியமும் உளியும் ஒரே வீட்டில் இருந்த மனிதர்கள். 2004 ஆழிப்பேரலை டச்பார்ப் பகுதியைத் துடைத்துக்கொண்டு போனபோது அந்தச் சமூகம் பட்ட இழப்பு ஊருக்குத் தெரியும். இன்றும் பழைய பறங்கி வீடொன்றில் வயலின் இருக்கிறது என்று கேள்விப்பட்டால் போய்ப் பார்ப்பது வீண்போகாது. விற்காவிட்டாலும், குதிரை எப்படி நிற்கவேண்டும் என்று சொல்லித்தர ஆள் இருக்கக்கூடும்.

ஊர் ஓடாவியிடம் என்ன கொடுக்கலாம், என்ன கொடுக்கக்கூடாது என்பதில் தெளிவாக இருங்கள். விட்ட ஒட்டைச் சேர்க்கக் கொடுக்கலாம், ஆனால் வச்சிரம்தான் என்று சொல்லி, பக்கத்தில் நின்று செய்வியுங்கள். போத்தலில் வரும் வெள்ளைப் பசையும் சுப்பர் குளூவும் வயலினுக்கு விஷம். அடுத்த முறை திறக்கவேண்டி வந்தால் பசை விடாது, மரம்தான் கிழியும். குதிரை செதுக்கக் கொடுத்தால் பழைய குதிரையை மாதிரிக்குக் கையில் கொடுங்கள். நல்ல ஓடாவிக்கு அந்த ஒரு மாதிரி போதும். உள்தூணைத் தொட விடாதீர்கள். அது வயலின் தெரிந்த ஆளின் வேலை.

வீணைக்கு வருகிறேன், சுருக்கமாக. தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்வது. குடம், தண்டி, தலை மூன்றும் ஒரே மரத்தில் குடைந்தது ஏகாண்டம், துண்டு துண்டாகச் செய்து சேர்த்தது ஒட்டு வீணை. தொடக்கக்காரருக்கு ஒட்டு வீணை தாராளமாகப் போதும், ஏகாண்டம் என்ற பெயருக்கு இரட்டிப்புக் கொடுக்கத் தேவையில்லை. பார்க்கவேண்டியது மேளத்தை, அதாவது 24 மெட்டுகளும் பதிந்திருக்கும் மெழுகை. மெழுகு வெடித்திருந்தாலோ, மெட்டு அமிழ்ந்து ஸ்வரம் பிசகினாலோ மேளம் திரும்பக் கட்டவேண்டும். அது தெரிந்தவர் கைவேலை, செலவும் உண்டு. வாங்குமுன் அப்படிக் கட்டித்தர இங்கே யார் வருவார்கள் என்று ரீச்சரிடம் கேட்டு வையுங்கள். வெயிலில் நிறுத்திய வானுக்குள் வீணையை வைத்தால் மெழுகு இளகிவிடும். தமிழ்நாட்டிலிருந்து தருவிப்பதானால் பெட்டியடிப்பதும் அனுப்புவதும் வீணையின் விலையோடு போட்டிபோடும், அதையும் கூட்டித்தான் கணக்குப் பாருங்கள். பழைய வீணைக்கு நமது வீடுகளில் குறைவில்லை. அக்காமார் கல்யாணம் முடித்துப் போன வீடுகளில் துணி போர்த்திக் கிடக்கிறது. அப்படி ஒன்றுக்கு மேளம் கட்டிவிப்பதே மலிவான வழி.

கிற்றார் கேட்பவர்களுக்கு, பெரும்பாலும் கோயில் பாடகர் குழுவுக்காகக் கேட்பார்கள், ஒரே சொல்: நைலோன் தந்தி. பிஞ்சு விரலுக்கு நோவு குறைவு, உப்புக்காற்றில் மேல் மூன்று தந்தியும் துருப்பிடிக்காது. பன்னிரண்டாவது மெட்டில் தந்தி நான்கு மில்லிமீற்றருக்கு மேல் நின்றால் வாங்காதீர்கள்.

வாங்கியாயிற்று. இனி வாவிக்கரைக் காற்றுக்குத் தப்ப வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் மரம் சுருங்கி ஒட்டுகள் விடும், பிருடை வழுக்கும். வாடைக்காற்றும் மாரியும் வந்தால் மரம் பருத்துப் பிருடை இறுகும். இரண்டும் இயற்கை, பயந்து குறடு கொண்டு திருகாதீர்கள். வழுக்கும் பிருடைக்குக் கரும்பலகைச் சோக்கு, இறுகும் பிருடைக்குக் காய்ந்த சவர்க்காரம், சுற்றும் பகுதியில் கொஞ்சம் தடவினால் சரி. கடற்கரைப் பக்கம், நாவற்குடா, கல்லடி, டச்பார் வீடுகளில் வயலினை யன்னலோரம் வைக்க வேண்டாம். வாசித்து முடித்ததும் தந்திகளை உலர்ந்த பருத்தித் துணியால் துடைப்பது கட்டாயம். விரல் வழுக்கத் தேங்காயெண்ணெய் தொட்டு வாசிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. அந்த எண்ணெய் தந்தியில் உப்பையும் தூசியையும் பிடித்துவைக்கும், வில்மயிரில் பட்டாலோ சத்தமே வராது. இடக்கை விரலில் மட்டும், ஒரு துளி. வில்லின் திருகை ஒவ்வொரு நாளும் தளர்த்துங்கள். மருந்துப் போத்தலில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பைகளை எறியாமல் பெட்டிக்குள் போடுங்கள்.

குதிரை தினமும் கொஞ்சம் தலைப்பக்கம் சாயும், சுருதி கூட்டும்போது தந்தி இழுத்துக்கொண்டு போவதால். குதிரையின் பின்முகம் பலகைக்கு நேர்செங்குத்தாக நிற்கிறதா என்று கிழமைக்கொரு தடவை பாருங்கள். சாய்ந்திருந்தால் இரண்டு கையாலும் மேல்நுனியைப் பிடித்து மெல்ல நிமிர்த்துங்கள். கவனியாமல் விட்டால் ஒருநாள் டப்பென்று விழும். அதோடு உள்தூணும் விழும்.

தவணைக்கு வாங்கலாமா என்று கேட்டால், முற்றும் கட்டிய பிறகு எவ்வளவு ஆகிறது என்ற ஒரே எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள், அதைக் காசுக்கு வாங்கும் விலையோடு ஒப்பிடுங்கள். தோட்டை அடகு வைத்து முதல் வயலின் வாங்குவதற்கு நான் உடன்படமாட்டேன். வட இலங்கைச் சங்கீத சபையின் முதல் இரண்டு தரங்களுக்குப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பது சுருதியும் தாளமும் ஒழுங்கான விரலும். அவற்றை ஒரு சுமாரான வயலின் தந்துவிடும். மேல்தரங்களுக்குப் போகும்போது வாத்தியத்தின் நாதம் போதாது என்று பிள்ளையே சொல்லும். மாற்றவேண்டிய காலம் அதுதான்.

மாற்றும்போது பழைய வயலினை நல்ல விலைக்குக் கொடுக்கவேண்டும் என்றால் இன்றைக்கே சில பொருட்களைப் பத்திரப்படுத்துங்கள். வாங்கிய பற்றுச்சீட்டு, கழற்றிய பழைய குதிரை, மாற்றிய தந்திகளின் உறை, பழுதுபார்த்த நாளும் செய்ததும் எழுதிய தாள். எல்லாவற்றையும் ஒரு கடித உறையில் போட்டுப் பெட்டியின் மேல்மூடிப் பையில் வையுங்கள். பழைய குதிரைக்குப் பின்பக்கம் எந்த வயலினுடையது என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். ஓடாவிக்கு மாதிரி கொடுக்க அது திரும்பத் தேவைப்படும்.